கதவு நிலைக்குள் ஒரு விமானம்

சித்திரை பிறந்துவிட்டால் கோவில்பட்டியைச் சுற்றிய கரிசல் காடுகளில் மண் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். சில வெடிப்புகளில் முழங்கை வரை கையை விடலாம். ஐப்பசியில் அடைமழை பிடித்ததும் அதே மண் ஊறி, உப்பி, வெடிப்பு இருந்த தடமே தெரியாமல் மூடிக்கொள்ளும். காட்டுக்குச் செருப்போடு போனவர் அதைக் கையில் தூக்கிக்கொண்டுதான் வர வேண்டும். இந்த மண்ணில் நிறைந்திருக்கும் களித்தாது தகடு தகடாக அடுக்கிய அமைப்புக் கொண்டது. மண்ணியலார் ஸ்மெக்டைட் என்பார்கள். மழை பெய்தால் தண்ணீர் தகடுகளுக்கு இடையே புகுந்து அவற்றை விலக்கும். வெயில் அடித்தால் அது வெளியேறும், தகடுகள் நெருங்கும். பருத்திக்கும் கம்புக்கும் இது வரம். மேலே நிற்கிற வீட்டுக்குத்தான் கேடு. அஸ்திவாரம் ஆண்டுதோறும் ஏறி இறங்கினால் எந்தச் சுவர்தான் தாங்கும்?

அதனால் கரிசல் ஊர்களில் பழைய வீட்டை இடிப்பது ஒன்றும் அதிசயமில்லை. பில்லர் போட்ட காங்கிரீட் வீடு எழும்பும்போது பழைய ஓட்டு வீட்டின் மரமெல்லாம் லாரி ஏறிப் பழைய மரக்கடைக்குப் போகும். தேக்கு நிலை, கதவுச் சட்டம், வேப்ப விட்டம், பனங்கை எல்லாம் அதில் இருக்கும். கடைக்காரர் வேண்டாம் என்று தள்ளிய துண்டுகள் அடுப்புக்கு வரும். அந்தத் துண்டுகளைப் பற்றியதுதான் இந்தக் கட்டுரை. அவற்றில் ஒன்றிலிருந்து ஒரு விமானத்தைச் செதுக்கி எடுக்கலாம். பொம்மை என்று எண்ண வேண்டாம். கணக்குப் போட்டு, உண்மையான விமானத்தின் எல்லா அளவையும் ஒரே விகிதத்தில் குறைத்துச் செய்யும் மாதிரி.

இது சிறுவர் பொழுதுபோக்கு என்றுதான் பலரும் நினைப்பார்கள். 1942-இல் அது போர்ப்பணியாக இருந்தது. இரண்டாம் உலகப்போரில் இறங்கிய அமெரிக்கக் கடற்படை, நாட்டின் பள்ளி மாணவர்களிடம் ஐந்து லட்சம் மர விமானங்களைச் செதுக்கித் தரக் கேட்டது. வானத்தில் வருவது தன் விமானமா எதிரியுடையதா என்று சில விநாடிகளில் சொல்லியாக வேண்டிய காவலர்களுக்கும் பீரங்கி வீரர்களுக்கும் பயிற்சி தர அவை தேவைப்பட்டன. வண்ணமோ சின்னமோ தீட்டவில்லை, முழுக்கக் கறுப்புதான். தொலைவில் வரும் விமானம் கண்ணுக்கு நிழல் உருவமாகத்தானே தெரியும்.

அந்த மாதிரிகளின் விகிதம் 72-க்கு 1. பிரிட்டனில் 1930களின் தொடக்கத்தில் ஸ்கைபேர்ட்ஸ் என்ற பெயரில் விற்ற மர விமானத் தொகுப்புகள்தான் இந்த விகிதத்தைப் பரப்பின. ஆறு அடிக்கு ஓர் அங்குலம் என்பது அவர்கள் கணக்கு. போர்ப்பயிற்சிக்கு அது இன்னொரு விதத்தில் பொருந்திப்போனது. மாதிரியை 35 அடி தள்ளி வைத்தால், 72-ஆல் பெருக்கி, 2,520 அடியில், ஏறக்குறைய அரை மைல் தொலைவில் பறக்கும் உண்மையான விமானம் எவ்வளவு பெரிதாகத் தெரியுமோ அவ்வளவு பெரிதாகவே அது தெரியும். கண்ணுக்குத் தெரிவது கோணம் மட்டுமே. பொருளின் அளவையும் தொலைவையும் ஒரே விகிதத்தில் குறைத்தால் கோணம் மாறாது. ஒரு வகுப்பறைக்குள் அரை மைல் வானத்தை அடக்கிய வித்தை அவ்வளவுதான்.

நமக்கு எந்த விமானம்? தூத்துக்குடி வாகைக்குளத்துக்கு வந்துபோகும் ஏ.டி.ஆர். 72 தோதானது. மேலே பொருத்திய நேரான இறக்கை, இரண்டு விசிறிகள், உயர்ந்த வால். செதுக்குகிறவனைப் படுத்தும் வளைவுகள் குறைவு. பெயரில் உள்ள 72 இருக்கைக் கணக்கு, நம் விகிதத்தோடு ஒத்துப்போனது தற்செயல். அதன் இறக்கை நுனிக்கு நுனி 27.05 மீட்டர், நீளம் 27.17 மீட்டர். 72-ஆல் வகுத்தால் இரண்டுமே 38 சென்டிமீட்டருக்குள் அடங்கும். உடலின் அகலம் 40 மில்லிமீட்டர் வரும், விசிறியின் விட்டம் 55. ஆக, 40 மி.மீ. சதுரத்தில் 38 செ.மீ. நீளக் கட்டை ஒன்று கிடைத்தால் உடலுக்குப் போதும். கதவு நிலையில் ஒரு முழம் அறுத்தால் அது கிடைத்துவிடும். செய்து முடித்த மாதிரியை 10 மீட்டர் தள்ளிக் கட்டித் தொங்கவிட்டால், 720 மீட்டர் தொலைவில் பறக்கும் ஏ.டி.ஆர். எப்படித் தெரியுமோ அப்படியே தெரியும். முழுநிலவைப் போல் நான்கு மடங்கு அகலம்.

இனி மரத்துக்கு வருவோம். கரிசல் மண்ணைப் பற்றி மேலே சொன்னதை வீணுக்குச் சொல்லவில்லை. மரமும் அதே போலத்தான் தண்ணீர் குடிக்கிறது. மரத்தின் உயிரணுச் சுவரில் செல்லுலோஸ் இழைகள் பெரும்பாலும் நீளவாக்கில் ஓடுகின்றன. காற்றிலுள்ள ஈரம் அந்த இழைகளுக்கு இடையே நுழைந்து அவற்றைப் பக்கவாட்டில் தள்ளுகிறது. இழையின் நீளம் கூடுவதில்லை, இடைவெளிதான் கூடுகிறது. எனவே மரம் நீளத்தில் அநேகமாக மாறாமல் குறுக்கில் மட்டும் பருக்கும், சுருங்கும். மழைக்காலத்தில் கதவு நிலையோடு பிடித்துக்கொண்டு திறக்க மறுப்பதும், கோடையில் பலகைகளுக்கு நடுவே வெளிச்சம் தெரிவதும் இதனால்தான்.

எவ்வளவு பருக்கும்? காற்றின் ஈரப்பதம் 40 சதவீதமாக நீடித்தால் மரம் தன் உலர் எடையில் சுமார் 7.5 சதவீதம் தண்ணீரை வைத்துக்கொண்டு நிலைபெறும். காற்று 65 சதவீதமானால் 12, 85 சதவீதமானால் 17. பச்சை மரத்தை முழுக்க உலர்த்தினால் தேக்கு ஆண்டு வளையங்களின் போக்கில் ஏறக்குறைய 5.8 சதவீதமும், நடுக்கட்டையிலிருந்து பட்டையை நோக்கிய திசையில் 2.5 சதவீதமும் சுருங்கும். இந்த இரண்டும் சமமாக இல்லாததுதான் எல்லாத் தொல்லைக்கும் வேர். ஒரு பக்கம் அதிகமாகவும் மறுபக்கம் குறைவாகவும் இழுக்கும்போது பலகை கோணும், வட்டமாகக் கடைந்தது முட்டை வடிவாகும். தேக்கு இதில் நல்ல பிள்ளை என்று பெயரெடுத்த மரம். அப்படியிருந்தும், கோடைக்கும் மழைக்கும் இடையே மரத்தின் ஈரம் ஐந்து சதவீதம் மாறினால் 40 மி.மீ. அகலமுள்ள விமான உடல் ஒரு திசையில் 0.4 மி.மீ., மறு திசையில் அதில் பாதிக்கும் குறைவாக மாறும். 0.4 மி.மீ. என்ன பெரிய அளவு என்று தோன்றும். 72-ஆல் பெருக்கிப் பாருங்கள். உண்மையான விமானத்தின் உடல் மூன்று சென்டிமீட்டர் பருத்ததற்குச் சமம்.

பழைய மரம் அசையாது என்று ஒரு நம்பிக்கை உண்டு. பாட்டன் காலத்து நிலை, அதற்கு இனி என்ன ஆகப்போகிறது என்பார்கள். பாதி உண்மை. ஜப்பானில் ஹோர்யுஜி போன்ற ஆயிரமாண்டுக் கோயில்களின் ஹினோகி மரத்தை ஆராய்ந்த ஜிரோ கொஹாரா, வெட்டிய பிறகும் அந்த மரத்தின் வலிமை ஓரிரு நூற்றாண்டுகள் கூடிக்கொண்டே போய், பிறகு மெல்லக் குறைவதைக் கண்டார். காலப்போக்கில் மரத்திலுள்ள ஹெமிசெல்லுலோஸ் என்ற பகுதி சிதைகிறது. தண்ணீரை அதிகம் பிடித்து வைப்பது அதுதான். அது குறைந்தால் மரத்தின் தாகமும் சற்றுக் குறையும். அடுத்தடுத்த மழையிலும் வெயிலிலும் உள்ளே இருந்த இழுவிசைகளும் தளர்ந்திருக்கும், அறுத்தவுடன் வில்லாக வளையாது. ஆனால் தாகம் குறையுமே தவிர அடங்காது. நூறாண்டுத் தேக்கும் ஐப்பசியில் பருக்கத்தான் செய்யும். ஆகவே பழைய மரம் என்ற ஒரே தகுதியை நம்பி உளியைப் பிடிக்கக் கூடாது. வெட்டிய துண்டைச் செதுக்கப்போகும் அறையிலேயே சில வாரம் போட்டுவைத்து அங்குள்ள ஈரத்துக்குப் பழக்கிவிட்டுத்தான் கோடு போட வேண்டும். கூரைக்கடியில் காய்ந்த விட்டத்தை மழைநாளில் இறக்கி அன்றைக்கே செதுக்குவது வீண் வேலை.

மரத்தின் பெயரைவிட வாட்டம் முக்கியம் என்பது என் கட்சி. ஆசாரிகள் வாட்டம் என்று சொல்வது நார் ஓடும் திசையை. இறக்கைக்கு நார் நுனியிலிருந்து நுனி வரை ஓட வேண்டும். குறுக்கே ஓடினால் ஆறு மி.மீ. தடிமனுள்ள இறக்கை கை பட்டதும் பிஸ்கட்டாக முறியும். உடலை ஒரே கட்டையில் செய்வதைவிட, கட்டையை நெடுக இரண்டாக அறுத்து, ஒரு பாதியைத் திருப்பி வைத்து மறுபடி ஒட்டிச் செய்வது நல்லது. ஒரு பாதி இந்தப் பக்கம் வளையப் பார்த்தால் மறுபாதி அந்தப் பக்கம் வளையப் பார்க்கும், இரண்டும் ஒன்றையொன்று அடக்கிவிடும். போதாக்குறைக்கு நடுவில் ஓடும் ஒட்டுக்கோடு விமானத்தின் மையக்கோடாகவே அமையும். செதுக்கச் செதுக்க அழியாத மையக்கோடு வேறு எப்படியும் கிடைக்காது.

ஒட்டு என்றதும் ஒரு பழைய வழக்கைச் சொல்ல வேண்டும். டி ஹாவிலாண்ட் நிறுவனத்தின் மஸ்கிட்டோ, போர்க்காலத்தில் மரத்தால் செய்து மிக வேகமாகப் பறந்த குண்டுவீச்சு விமானம். நடுவில் பால்சா, இருபுறமும் பிர்ச் ஒட்டுப்பலகை, எல்லாவற்றையும் பசை பிடித்திருக்கும். தொடக்கத்தில் அந்தப் பசை பாலின் புரதமான கேசீனிலிருந்து வந்தது. 1944-இன் பிற்பகுதியில் இந்தியாவிலும் பர்மா முனையிலும் இருந்த மஸ்கிட்டோக்களில் சில பறக்கும்போதே முறிந்து விழுந்தன. பழி உடனே நம் ஊர் வெயிலின் மேலும் மழையின் மேலும் விழுந்தது. பசை உருகியிருக்கும், பூஞ்சை பிடித்திருக்கும், கறையான் தின்றிருக்கும் என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். பின்னர் நடந்த விசாரணைகள் வேறு கதை சொல்லின. பருவமழையையே பாராத, இங்கிலாந்திலேயே இருந்த விமானங்களிலும் அதே குறை இருந்தது. பட்டறையில் இரண்டு மரப்பரப்புகளைச் சரியாகப் பொருந்தவிடாமல் இடைவெளியோடு ஒட்டியிருந்தார்கள். இடைவெளியைப் பசை நிரப்பும், ஆனால் பாரத்தைத் தாங்காது. மாதிரி செய்பவருக்கும் அந்தத் தீர்ப்பு பொருந்தும். இரண்டு பாதிகளையும் விளக்கின் முன் பிடித்து, நடுவே வெளிச்சம் கசியாத வரை இழைத்துவிட்டுத்தான் பெவிகால் தடவ வேண்டும்.

மரத்தால் கட்டிய விமானம் என்பது நமக்கு அந்நியமான சங்கதியும் அல்ல. 1910-இல் சென்னையில் ஓட்டல் நடத்திய டி ஏஞ்சலிஸ் தன் விமானத்தைச் சிம்ப்சன் கம்பெனியில், அதாவது குதிரைவண்டி கட்டும் பட்டறையில்தான் செய்வித்துப் பல்லாவரத்தில் பறக்கவிட்டார். வண்டிக்குச் சட்டம் கூட்டத் தெரிந்த கைக்கு இறக்கைக்குச் சட்டம் கூட்டவும் தெரிந்திருந்தது. சுதந்திரத்துக்குப் பிறகு சிவில் விமானத் துறையின் தொழில்நுட்ப மையத்தில் எஸ். ராமாமிர்தம் வடிவமைத்த அஸ்வினி, ரோகிணி கிளைடர்களும் மரத்தால் ஆனவைதாம். மஸ்கிட்டோவின் பால்சா கூட இன்னும் நம் தலைக்கு மேல் சுற்றிக்கொண்டிருக்கிறது. கயத்தாறு வட்டாரத்துக் காற்றாலைகளைப் பார்க்கிறோமே, காற்றாலைகளைச் சோதிக்கும் தேசிய நிலையமே அங்கேதான் இருக்கிறது. உலகெங்கும் காற்றாலை இறக்கைகள் பலவற்றின் உள்ளே இரண்டு கண்ணாடியிழைத் தோல்களுக்கு நடுவே பால்சாப் பலகைதான் இருக்கிறது. எடை குறைவு, விறைப்பு அதிகம் என்ற அதே காரணம்.

கரிசலில் கிடைக்கும் மரங்களில் எது தேறும்? பனையை முதலிலேயே ஒதுக்கிவிடலாம். கூரைக்குப் பனங்கையை விஞ்ச ஆளில்லை. ஆனால் பனை புல்லினத்தைப் போல ஒருவித்திலை. மெத்தென்ற சோற்றுக்குள் கம்பி போன்ற கறுப்பு நார்கள் செருகியது போன்ற உடம்பு. உளி வைத்தால் சோறு உதிரும், நார் நிற்கும். மாட்டுவண்டியில் கழித்த கருவேலம் இரும்புக்கு அண்ணன். வலிமை வேண்டிய இடத்துக்குச் சரி, நுணுக்கத்துக்குக் கையை உடைக்கும். வேம்பு பரவாயில்லை, ஆனால் அதன் நார் அடிக்கடி பின்னிக்கொண்டு ஓடும், எந்தப் பக்கமிருந்து இழைத்தாலும் எங்கோ ஓரிடத்தில் எதிர்வாட்டம் வந்து பிய்க்கும். ஊரே சபிக்கிற சீமைக்கருவேலத்துக்கு ஒரு நல்ல சொல் சொல்லியாக வேண்டும். அதன் அமெரிக்கச் சொந்தமான மெஸ்கீட், ஈரத்தால் மிகக் குறைவாகவே பருக்கும் மரங்களில் ஒன்றென்று மரவேலைக்காரர்களிடம் பெயர் பெற்றது. இரண்டு திசைகளிலும் கிட்டத்தட்ட ஒரே அளவு சுருங்குவதால் கோணுவதில்லை. நாமோ அதை மூட்டம் போட்டுக் கரியாக்கி விற்கிறோம். நேரான துண்டு கிடைப்பது அரிது என்பது உண்மைதான். விசிறியின் கூம்பு, சக்கரம் போன்ற சிறு உறுப்புகளுக்குக் கையளவு துண்டு போதுமே.

இறக்கைக்கு என் தேர்வு கள்ளிப்பெட்டி மரம். தூத்துக்குடித் துறைமுகத்தில் இறங்கும் சரக்கோடு வரும் பெட்டிகளும் அடிச்சட்டங்களும் பெரும்பாலும் பைன் அல்லது ஸ்ப்ரூஸ் இனம். முதல் உலகப்போர் விமானங்களின் எலும்புக்கூடே ஸ்ப்ரூஸ்தான், எடைக்கு எடை அவ்வளவு வலிமை. வாங்கும்போது அந்த மரத்தில் சூடு போட்டிருக்கும் முத்திரையைப் பாருங்கள். எச்.டி. என்றிருந்தால் பூச்சியைக் கொல்ல மரத்தின் நடுப்பகுதி வரை 56 டிகிரி வெப்பத்தில் 30 நிமிடம் வைத்திருக்கிறார்கள் என்று பொருள். எம்.பி. என்றிருந்தால் மெத்தில் புரோமைடு புகை காட்டியது. அதைத் தொட வேண்டாம்.

பழைய மரத்துக்கே உரிய ஆபத்துகளும் உண்டு. உள்ளே ஆணி முறிந்து கிடக்கும், காந்தம் வைத்துத் தேடாமல் இழைப்புளியை ஓட்டினால் அலகு போய்விடும். ஆணி இருந்த இடத்தைச் சுற்றி மரம் நீலக்கறுப்பாக இருப்பதைக் கண்டிருப்பீர்கள். இரும்புத் துருவும் மரத்திலுள்ள துவர்ப்புச் சத்தான டானினும் சேர்ந்த நிறம் அது. கடுக்காயும் இரும்புச் சத்தும் சேர்த்து எழுதுமை செய்தார்களே, அதே வேதியியல். அந்தக் கறை பிடித்த இடத்தில் நார் நைந்திருக்கும், இறக்கைக்கு ஆகாது. கதவின் பழைய பெயின்ட் இதைவிடப் பொல்லாதது. வீட்டுப் பெயின்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி இந்தியாவில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் பூசிய எந்தக் கதவையும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்துப் பொடியாக்காதீர்கள். பெயின்ட் உள்ள தோலை வாளால் அறுத்தே எறிந்துவிட்டு உள்மரத்தை எடுங்கள். சுத்தமான மரத்தூளும் சும்மா இல்லை. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வுப் பிரிவு அதைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் வரிசையில் வைத்திருக்கிறது. முகக்கவசம் அவசியம்.

செதுக்கும் முறையைக் கழுகுமலைச் சிற்பிகளிடம் கேட்டுக்கொள்ளலாம். கோவில்பட்டியிலிருந்து ஒரு பஸ் தூரத்தில் இருக்கும் வெட்டுவான் கோயில், எட்டாம் நூற்றாண்டில் பாண்டியர் காலத்தில் ஒரே பாறையைக் குடைந்து எடுத்தது. சிகரத்திலிருந்து தொடங்கிக் கீழே இறங்கினார்கள், அடிப்பகுதியை முடிக்காமல் விட்டுப் போனார்கள். அதனால்தான் வேலை நடந்த வரிசை இன்றும் தெரிகிறது. வெட்டியதைத் திரும்ப ஒட்ட முடியாத வேலைகளில் வரிசைதான் எல்லாம். மரக்கட்டையிலும் முதலில் ஒரு பக்கத்தில் விமானத்தின் பக்கத்தோற்றம், அடுத்த பக்கத்தில் மேல்தோற்றம் வரைந்துகொள்ள வேண்டும். முதல் தோற்றத்தை வாளால் அறுத்ததும் கழிவுத் துண்டுகளை வீசாமல் டேப் போட்டு அதே இடத்தில் ஒட்டிவிட வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த தோற்றத்தின் கோடுகள் கழிவோடு போய்விடும், கட்டையும் தட்டையாக உட்காராது. இரண்டும் அறுத்த பின் கையில் இருப்பது எல்லாப் பக்கமும் சதுரமான ஒரு விமானம்.

சதுரத்தை வட்டமாக்க நம் கோயில் தூண்களிலேயே வழி இருக்கிறது: சதுரம், எட்டுப்பட்டை, பதினாறு பட்டை, வட்டம். 40 மி.மீ. சதுரத்தில் ஒவ்வொரு மூலையிலிருந்தும் இருபுறமும் 11.7 மி.மீ. தள்ளிக் கோடு போட்டு மூலையைச் சீவினால் பிசகாத எட்டுப்பட்டை வரும். பக்கத்தை 0.293-ஆல் பெருக்கிய அளவு அது. வால் பக்கம் உடல் ஒடுங்கும்போதும் அந்தந்த இடத்து அகலத்தை அதே எண்ணால் பெருக்கினால் போதும். கண் மதிப்பில் உருட்டினால் இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒருபோதும் ஒத்துவராது. அட்டையில் வெட்டிய அரைவட்ட அச்சுகளை இடையிடையே வைத்துச் சரிபார்த்தபடி போக வேண்டும். இதற்குமேல் அரமும் உப்புத்தாளும் பொறுமையும்தான், விவரிக்க ஒன்றுமில்லை.

இறக்கையில் ஒரு விசித்திரம் காத்திருக்கிறது. ஏ.டி.ஆரின் இறக்கை சராசரியாக 2.25 மீட்டர் அகலம், நம் மாதிரியில் அது 31 மி.மீ. பின்விளிம்பு கத்திபோல முடிய வேண்டும். தேக்கில் அதைச் செய்யப் போனால் விளிம்பு பல் பல்லாகப் பெயரும். தேக்கின் நீர்க்குழாய்கள் 0.2 முதல் 0.3 மி.மீ. விட்டம் கொண்டவை, வெறுங்கண்ணுக்கே தெரியும். 72 மடங்கு என்று பார்த்தால் விமானத்தின் தோலெங்கும் விரல் நுழையும் துளைகள்! மாதிரியை நாம் சிறிதாக்குகிறோம், மரத்தின் உயிரணுக்கள் சிறிதாக மாட்டோம் என்கின்றன. பைன் இனத்தில் இந்தப் பெருங்குழாய்கள் கிடையாது, நுண்ணிய இழையணுக்கள் மட்டுமே. இறக்கைக்குக் கள்ளிப்பெட்டியைச் சொன்னதற்கு இதுவும் காரணம். தேக்கு உடலின் துளைகளை மரத்தூளும் பெவிகாலும் குழைத்த பட்டியால் அடைத்து, ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கை மேலே பூசலாம். எந்தப் பூச்சும் ஈரத்தைத் தடுக்காது, தாமதப்படுத்தும். இறக்கையின் மேல்புறம் மூன்று கை பூசினால் அடிப்புறமும் மூன்று கை பூசுங்கள். ஒரு புறம் மெதுவாகவும் மறுபுறம் வேகமாகவும் ஈரம் குடித்தால் இறக்கை முறுக்கிக்கொள்ளும்.

செய்து முடித்ததை வீசினால் பறக்குமா? குழந்தைகள் கேட்கும் முதல் கேள்வி இதுதான், நல்ல கேள்வியும்கூட. நீளம் 72-இல் ஒரு பங்கானால் இறக்கைப் பரப்பு 72 பெருக்கல் 72, அதாவது 5,184-இல் ஒரு பங்காகும். கன அளவு 3,73,248-இல் ஒரு பங்கு. ஏ.டி.ஆர். முழுப் பாரத்தோடு கிளம்பும்போது சுமார் 23 டன். கன அளவோடு எடையையும் குறைத்தால் நம் மாதிரி 62 கிராம்தான் இருக்க வேண்டும். தேக்கில் செதுக்கியதைத் தராசில் வைத்தால் 300 கிராமை ஒட்டி வரும், ஐந்து மடங்கு. ஏன்? விமானம் என்பது பெரும்பாலும் வெற்றிடத்தைச் சுற்றிய மெல்லிய தோல். பயணிகள், எரிபொருள் எல்லாம் சேர்த்த அதன் சராசரி அடர்த்தியை அதன் கன அளவைக்கொண்டு உத்தேசமாகக் கணக்கிட்டால் ஒரு கன மீட்டருக்கு 150 கிலோ அளவில் வருகிறது. தேக்கு 650. பால்சா ஏறக்குறைய 160! தென் அமெரிக்கக் காட்டில் வளரும் ஒரு மரம், ஆள் ஏறிய அலுமினிய விமானத்தின் அடர்த்தியில் இருக்கிறது. பறக்கும் மாதிரி செய்பவர்கள் உலகெங்கும் பால்சாவைத் தேடி ஓடுவது ஏனென்று இப்போது விளங்கும். நம் இலவ மரம் அதற்கு ஒன்றுவிட்ட சொந்தம். தீக்குச்சிக்கும் கட்டிலுக்கடியில் போடும் பலகைக்கும் போய்விடுகிற அந்த மென்மரம் வாகாகக் கிடைத்தால் முயன்று பார்க்கலாம்.

300 கிராம் மாதிரியை 118 சதுர சென்டிமீட்டர் இறக்கை தூக்க வேண்டுமானால் அது மணிக்கு நூறு கிலோமீட்டர் வேகத்தில் போக வேண்டும். கையால் எறிந்து அந்த வேகத்தை எட்டினாலும் அடுத்த சுவர் தாங்காது. இன்னொரு தடையும் உண்டு, அது காற்றின் பிசுபிசுப்பு. ஓடும் காற்றின் வேகத்துக்கும் பிசுபிசுப்புக்கும் உள்ள போட்டியை ரெனால்ட்ஸ் எண் என்று அளக்கிறார்கள். உண்மையான ஏ.டி.ஆரின் இறக்கையில் அது ஒரு கோடிக்கு மேல், நம் மாதிரியில் ஐம்பதாயிரத்தை ஒட்டி. காற்று சிறிய இறக்கைக்குக் குழைந்த கூழ் போன்றது. பெரிய இறக்கையின் பருத்த முதுகில் ஒட்டி வழுக்கிச் செல்லும் காற்று, சிறியதில் பாதியிலேயே விலகிவிடும், தூக்குவிசை சரியும். விகிதம் மாறாமல் வடிவத்தைக் குறைத்தாலும் காற்றைக் குறைக்க முடியாது என்பதே பொருள். ஆகவே செதுக்கிய கட்டை விமானம் பார்ப்பதற்கு மட்டும். பறக்க வேண்டுமென்றால் இறக்கையை மெல்லிய வளைந்த தகடாக மாற்ற வேண்டும். தட்டானும் தும்பியும் அப்படித்தான் செய்கின்றன.

முப்பரிமாண அச்சுப்பொறி வைத்த அடல் ஆய்வகங்கள் இன்று பல பள்ளிகளில் உண்டு. அதில் ஒரு பொத்தானை அழுத்தினால் இதே ஏ.டி.ஆர். பிளாஸ்டிக்கில் வந்து விழும். வரட்டும், நல்லதுதான். ஆனால் அந்தப் பிளாஸ்டிக் ஐப்பசியில் பருக்காது, எதிர்வாட்டத்தில் பிய்யாது, ஐந்து மடங்கு கனத்து ஏன் என்று கேட்கவைக்காது. விகிதம், கோணம், அடர்த்தி, ஈரம், உராய்வு என்று எட்டாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை தனித்தனிப் பாடமாக நடத்துவதெல்லாம் ஒரு கட்டையில் சேர்ந்தே கிடக்கின்றன. கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் பக்கம் வீடு இடிக்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். நிலையை மரக்கடைக்கு ஏற்றும் முன், பெயின்ட் படாத, கணு இல்லாத, நேர்வாட்டத் துண்டாகப் பார்த்து 40 செ.மீ. நீளத்துக்கு நாலைந்து அறுத்துப் பக்கத்து அரசுப் பள்ளியின் அறிவியல் ஆசிரியரிடம் கொடுங்கள். விலைக்குப் போட்டால் அதற்கு டீக்காசுகூடத் தேறாது.